டென்னசிப் பையனிடம் சொல்லாதது

'கிராஸ்ஃபயர்' படத்தில் கொலை நடக்கும் முதல் காட்சியை மறந்துவிட முடிகிறது. போலீஸ் அதிகாரியின் அறையில் ஒரு பையனை உட்காரவைத்துப் பேசும் காட்சியை மறக்க முடியவில்லை. பையனின் பெயர் லீராய். டென்னசி மாநிலத்து மலைப்புறத்திலிருந்து ராணுவத்துக்கு வந்தவன். யூதர் ஒருவரை அடித்தே கொன்ற மாண்ட்கோமரி என்ற சிப்பாயைப் பொறியில் சிக்கவைக்க அதிகாரி ஃபின்லேவுக்கு இவனுடைய உதவி வேண்டும். இவன் தயங்குகிறான். தனக்கு எதற்கு இந்த வம்பு என்று பார்க்கிறான். ஃபின்லே குரலை உயர்த்துவதில்லை. மாண்ட்கோமரி உன்னையும் பட்டிக்காட்டான் என்று கேலி செய்பவன்தானே என்று முதலில் அவன் மனதைக் கிளறுகிறார். பிறகு நூறு வருடங்களுக்கு முன் பிலடெல்ஃபியாவில், ஐரிஷ் கத்தோலிக்கர் என்ற ஒரே காரணத்துக்காகக் கொல்லப்பட்ட ஒருவரின் கதையைச் சொல்கிறார். கதை முடியும்போதுதான் அந்த மனிதர் தன் தாத்தா என்பதை வெளியிடுகிறார். வெறுப்பு ஓரிடத்தில் நிற்காது, இன்று யூதரை வெறுப்பவன் நாளை கத்தோலிக்கரை வெறுப்பான், கடைசியில் கோடு போட்ட டை கட்டியவர்களையும் டென்னசிக்காரர்களையும்கூட அது கொல்லும் என்கிறார். பையனின் முகம் மெல்ல இளகுகிறது. உதவ ஒப்புக்கொள்கிறான். படம் பார்ப்பவர்களும் அந்த இடத்தில் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். எனக்கு உறுத்தல் தொடங்குவது அங்கேதான்.

அந்த வாதத்தில் பொய் இருப்பதாக நான் சொல்லமாட்டேன். 1947 ஜூலையில் அதைத் திரையில் சொல்லத் துணிவு வேண்டியிருந்தது. யூத ராணுவ அதிகாரி டிரைஃபஸின் வழக்கை மையமாகக் கொண்டு 1937-இல் வந்த 'தி லைஃப் ஆஃப் எமில் ஸோலா'வில் யூதர் என்ற சொல்லை எவரும் உச்சரிப்பதே இல்லை. ஓர் ஆவணத்தில் அது கண்ணில் பட்டு மறைகிறது, அவ்வளவுதான். அந்தப் படம்தான் அந்த ஆண்டின் சிறந்த படமாக ஆஸ்கர் வாங்கியது. பத்தே ஆண்டுகளில் 'கிராஸ்ஃபயர்' அந்த மௌனத்தை உடைத்தது, அதுவும் போரில் வென்று திரும்பிய அமெரிக்கச் சிப்பாயையே கொலைகாரனாக்கி. என் உறுத்தல் வேறு. யூதரில் தொடங்கி கத்தோலிக்கர் வழியாகக் கோடு போட்ட டை வரை நீளும் அந்தச் சங்கிலியில் ஒரு கூட்டத்தார் மட்டும் இல்லை. மனிதனைப் பிறப்பால் வெறுப்பது என்றால் என்னவென்று டென்னசியில் வளர்ந்த ஒரு வெள்ளைக்காரப் பையனுக்கு விளக்க, பிலடெல்ஃபியாவுக்கும் நூறு வருடம் பின்னாலும் எதற்குப் போகவேண்டும்? படம் வெளிவருவதற்கு ஒன்றரை வருடத்துக்குள்தான், 1946 பிப்ரவரியில், அதே டென்னசியின் கொலம்பியா என்ற ஊரில், வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடையொன்றில் கறுப்பினத் தாய் ஒருவருக்கும் கடை ஊழியருக்கும் தகராறு மூண்டது. உடன் சென்றிருந்த மகன் கடற்படையில் பணியாற்றிவிட்டுத் திரும்பியவன். பேச்சு முற்றிக் கைகலப்பாயிற்று. பொழுது சாய்வதற்குள் வெள்ளையர் கூட்டம் திரண்டது. மறுநாள் விடியலில் மாநிலக் காவலர்கள் கறுப்பினத்தவரின் கடைவீதிக்குள் புகுந்து சூறையாடினார்கள். பிடித்துவைக்கப்பட்டிருந்தவர்களில் இருவர் காவலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கைதானவர்களுக்காக வாதாடப் போனவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல், பின்னாளில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. லீராய் செய்தித்தாள் படிக்காதவனாகவே இருக்கட்டும். ஃபின்லே படிப்பவர். ஃபின்லேவின் பேச்சை எழுதியவர்கள் இன்னும் நன்றாகப் படிப்பவர்கள்.

அதே 1946 பிப்ரவரியில் நடந்த இன்னொன்றும் இந்தப் படத்தின் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறது. ஐசக் உட்வர்ட் என்ற கறுப்பினச் சிப்பாய் ஜார்ஜியாவில் ராணுவத்திலிருந்து முறைப்படி விடுவிக்கப்பட்டு, சீருடையைக்கூடக் களையாமல், வீட்டுக்குப் போகப் பேருந்து ஏறினார். கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று கேட்டதில் ஓட்டுநருடன் வாக்குவாதம். தெற்கு கரோலைனாவின் பேட்ஸ்பர்க் ஊரில் ஓட்டுநர் போலீஸைக் கூப்பிட்டார். அந்த ஊர்க் காவல்துறைத் தலைவரின் தடி உட்வர்டின் இரண்டு கண்களையும் பறித்தது. விசாரணை நடந்தது, வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி, காவல்துறைத் தலைவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. ஆர்சன் வெல்ஸ் தன் வானொலி நிகழ்ச்சியில் வாரக்கணக்கில் இதைப் பற்றிப் பேசினார். ஆகவே இது ஹாலிவுட்டின் காதுக்கு எட்டாத செய்தி அல்ல. உட்வர்டின் கதையில் சீருடை அணிந்தவர் பாதிக்கப்பட்டவர், அடித்தவர் போலீஸ்காரர். 'கிராஸ்ஃபயர்' கதையில் சீருடை அணிந்தவன் கொலைகாரன், காப்பாற்ற வருபவர் போலீஸ்காரர். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, படத்தில் உள்ளது எதுவும் பொய் இல்லை என்றாலும், எல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு கலக்கம் ஏற்படுகிறது.

இடம் மாற்றுவது இந்தப் படத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. ரிச்சர்ட் புரூக்ஸ் மரீன் படையில் இருந்தபடியே எழுதிய 'தி பிரிக் ஃபாக்ஸ்ஹோல்' நாவல் 1945-இல் வந்தது. அதில் கொல்லப்படுபவர் யூதர் அல்ல, தன்பாலீர்ப்பு கொண்ட ஒருவர். வீட்டு உள்அலங்காரம் அவர் தொழில். அப்போது ஹாலிவுட்டை ஆண்ட தயாரிப்பு விதிகளின்படி அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதையே திரையில் காட்டக்கூடாது. அவர் கொல்லப்படுவதைக் காட்டக்கூட அனுமதி இல்லை. ஆர்.கே.ஓ. நிறுவனத்தில் தயாரிப்பாளராக இருந்த ஏட்ரியன் ஸ்காட், கொல்லப்படுபவரை யூதராக மாற்றிவிடலாம் என்று யோசனை சொன்னார். ஜான் பாக்ஸ்டன் திரைக்கதை எழுத, எட்வர்ட் டிமிட்ரிக் இயக்கினார். ஸ்காட்டின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. நாட்டில் யூத வெறுப்பு பெருகுவதைக் கண்டு உண்மையாகவே அஞ்சியவர் அவர். ஆனால் தணிக்கைக்காகச் செய்த ஒரு மாற்றம், படத்துக்குள் நுழைந்ததும் ஒரு கொள்கையாக உயர்ந்துவிடுகிறது. எவரை எடுத்துவிட்டு எவரை வைத்தாலும் வெறுப்பு ஒன்றுதான் என்று ஃபின்லே சொல்லும்போது, படம் தன்னைத் தானே நியாயப்படுத்திக்கொள்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. பலியானவரை மாற்றிவைக்க முடிந்தது. எனவே பலியாகிறவர்கள் எல்லோரும் மாற்றிவைக்கக்கூடியவர்களே. இதைப் பரந்த மனம் என்று எடுத்துக்கொள்ளவும் இடமிருக்கிறது. குறிப்பிட்ட ஒருவருக்கு நேர்ந்ததைக் குறிப்பிட்டுச் சொல்லாமல் தப்பும் வழி என்று எடுத்துக்கொள்ளவும் இடமிருக்கிறது. இரண்டும் ஒரே வாக்கியத்துக்குள் இருப்பதுதான் என்னைத் திரும்பத் திரும்ப அந்தப் படத்துக்கு இழுக்கிறது.

மாற்றப்பட்டவர் முழுதாக வெளியேறிவிடவில்லை. மதுக்கடைக் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். மிட்செல் என்ற இளம் சிப்பாய் மனமுடைந்து தனியாக உட்கார்ந்திருக்கிறான். படையில் சேருமுன் ஓவியனாக இருந்தவன், மனைவியைப் பிரிந்திருப்பவன், கைகளை என்ன செய்வதென்று தெரியாதவன். பின்னால் கொல்லப்படப்போகும் யூதரான சாமுவல்ஸ் அவனைப் பார்க்கிறார். அந்தப் பார்வையில் ஒரு கனிவு இருக்கிறது, ஒருவர் இன்னொருவரின் தனிமையை அடையாளம் கண்டுகொள்ளும் கனிவு. பேசுகிறார்கள். தன் வீட்டுக்கு வரச் சொல்கிறார். சற்றுத் தள்ளி நின்று இதைப் பார்க்கும் மாண்ட்கோமரிக்குள் ஏதோ கொதிக்கிறது; அழைக்காத வீட்டுக்குப் பின்தொடர்ந்து போகிறான். சாமுவல்ஸின் அருகில் மிஸ் லூயிஸ் என்ற பெண்ணைத் திரைக்கதை கவனமாக உட்காரவைத்திருக்கிறது. அவருக்கு இந்தக் கதையில் பெரிய வேலை எதுவும் இல்லை. விசாரணையில் சில பதில்களைச் சொல்லிவிட்டுக் கதையைவிட்டே போய்விடுகிறார். எதையும் தவறாக நினைத்துவிடாதீர்கள் என்று நமக்கு உறுதியளிக்கத்தான் அவர் அங்கே இருக்கிறார் என்று படுகிறது. இருந்தும் ராபர்ட் ரையனின் முகம் அந்த உறுதிமொழியை ஏற்கவில்லை. அவர் நடித்த மாண்ட்கோமரியின் ஆத்திரம் யூத வெறுப்பாக மட்டும் நிற்கவில்லை. மென்மையின் மேல், ஓவியம் வரையும் கைகளின் மேல், ஓர் ஆண் இன்னோர் ஆணுக்கு ஆறுதல் சொல்வதன் மேல் அவனுக்குள்ள அருவருப்பு கண்ணோரத்திலும் சிரிப்பிலும் கசிந்துகொண்டே இருக்கிறது. ரையனும் போர்க்காலத்தில் மரீன் படையில் இருந்தவர். நாவலைப் படித்துவிட்டு, இது படமானால் மாண்ட்கோமரியாக நான்தான் நடிப்பேன் என்று புரூக்ஸிடமே சொன்னவர். நாவலில் இருந்த மனிதனையும் அவர் தன் உடம்பில் எடுத்துவந்திருக்கிறார் என்றே நம்புகிறேன். கதை மறைத்ததை நடிகர் மறைக்கவில்லை.

சாமுவல்ஸைப் பற்றி இன்னொன்று. யுத்தத்துக்குப் போகாமல் ஊரில் சுகமாக இருந்துகொண்டவர் என்று மாண்ட்கோமரி ஏளனம் செய்கிறான். பின்னால் போலீஸ் அலுவலகத்தில் உண்மை தெரியவருகிறது. அவர் ஒகினாவாவில் போரிட்டுக் காயப்பட்டு, கௌரவமாக விடுவிக்கப்பட்டவர். பார்வையாளர் நெஞ்சில் ஒரு குத்து விழவேண்டும் என்பதற்காக வைத்த இடம் அது, விழவும் செய்கிறது. ஆனால் அவர் போருக்குப் போகாதவராக இருந்திருந்தால்? கண் சரியில்லை என்றோ, வயதாகிவிட்டது என்றோ, பயந்தோ வீட்டில் இருந்திருந்தால் அந்தக் கொலை எவ்வளவு குறையும்? இறந்த பிறகும் அவர் ஒரு சான்றிதழைக் காட்டவேண்டியிருக்கிறது, அதைக் காட்டும்வரை நம் இரக்கம் வாசலிலேயே நிற்கிறது. சிறுபான்மையினரைப் பற்றி நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்ட எத்தனையோ படங்களில் இந்தச் சான்றிதழைப் பார்த்திருக்கிறேன். அவர் தேசத்துக்காக ரத்தம் சிந்தியிருப்பார், அல்லது பிறருக்காகத் தன் குழந்தையைப் பறிகொடுத்திருப்பார், அல்லது வாசிக்கும் வயலின் நம்மை அழவைக்கும். வெறுமனே இருந்தார், அதனால் அவரைக் கொல்லக்கூடாது என்று சொல்லும் துணிச்சல் அபூர்வமாகவே வாய்க்கிறது.

கொல்லப்படுவதற்கு முன் சாமுவல்ஸ் மதுக்கடையில் ஒரு நிலக்கடலையைக் காட்டிப் பேசுகிறார். நான்கு வருடமாக எல்லோரும் ஒரே குறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம், போரை ஜெயிக்கவேண்டும் என்ற குறி. திடீரென்று அது போய்விட்டது. எதிரே நிறுத்தி வெறுக்க ஒன்றுமில்லை, அந்தச் சண்டை வேகம் மட்டும் உடம்பில் மிச்சமிருக்கிறது. இப்போது ஒருவரை ஒருவர் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம் என்பதுபோல் போகிறது அவர் பேச்சு. இந்தப் படத்தில் வெறுப்பைப் பற்றி இரண்டு விளக்கங்கள் இருப்பது பல முறை பார்த்த பிறகுதான் எனக்குத் துலங்கியது. ஒன்று போலீஸ் அதிகாரியுடையது. வெறுப்பு ஒரு கிருமி, அறியாமையில் வளர்வது, ஆளுக்கு ஆள் தொற்றுவது, நல்ல வார்த்தையால் குணமாவது. மற்றது செத்துப்போனவருடையது. வெறுப்பு ஒரு சமூகம் தயாரித்து, பயிற்சி கொடுத்து, வேலை முடிந்ததும் தெருவில் விட்டுவிட்ட ஒன்று. மாண்ட்கோமரியை உருவாக்கியது யார் என்ற கேள்வியை எழுப்புவது இரண்டாவது விளக்கம்தான். படத்தில் அரசியல் ஏதேனும் உண்டென்றால் அது அந்த நிலக்கடலைக்குள் இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னவர் கொல்லப்பட்டதோடு அந்த விளக்கமும் கைவிடப்படுகிறது. மிச்சப் படம் முழுக்க ஃபின்லேவின் விளக்கம்தான் ஓடுகிறது. மாண்ட்கோமரி படைக்கு வருமுன் செயின்ட் லூயிஸில் போலீஸ்காரனாக இருந்தவன் என்ற தகவலும் பேச்சோடு பேச்சாக வந்து போகிறது. யாரும் அதன்மேல் நிற்பதில்லை. நின்றிருந்தால் ஃபின்லேவின் பைப் புகைக்கு அப்பால் வேறு சில முகங்கள் தெரிந்திருக்கும்.

அந்த இரவின் வாஷிங்டனை நினைத்துப் பார்க்கிறேன். கதை நடப்பது தலைநகரில். மதுக்கடை, ஹோட்டல் அறை, நடன விடுதி, விடிய விடியப் படம் ஓடும் தியேட்டரின் பால்கனி. மிட்செல் ஒளிந்திருக்கும் அந்த பால்கனிக்குத்தான் அவன் மனைவி தேடிவருகிறாள். இருட்டில் இருவரும் தணிந்த குரலில் பேசும் அழகான காட்சி அது. அந்த ஆண்டில் வாஷிங்டனின் மையப் பகுதித் தியேட்டர்களிலும் உணவு விடுதிகளிலும் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. உணவு விடுதிகளின் கதவு நீதிமன்றத் தீர்ப்பால் திறந்தது 1953-இல். ராணுவமும் நிறத்தால் பிரிந்தே கிடந்தது. பிரிவினையை நீக்கும் ட்ரூமனின் ஆணை வந்தது 1948 ஜூலையில். ஆகவே ஸ்டூடியோவில் போட்ட செட்டாக இருந்தாலும் அந்த நகரம் ஒரு விதத்தில் உண்மையானது. வெள்ளைச் சிப்பாய்கள் மட்டும் திரியும் இரவு, வெள்ளையர் மட்டும் உட்காரும் பால்கனி. கறுப்பினத்தவர் எவரும் கதையில் இல்லாததை யதார்த்தம் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் வெறுப்பைப் பற்றிய படமாயிற்றே. வெறுப்பு சட்டமாகி, டிக்கெட் கவுன்டராகி, பால்கனியாகி நிற்கும் நகரத்தில், அது ஒரு தனிமனிதனின் சிரிப்பில் மட்டும் இருப்பதாகக் காட்டும் படத்தை நான் எப்படி ஏற்பது? இது தனிமனிதரிடம் குடிகொண்ட பாசிசத்தைப் பற்றிய கதை என்பதுதான் ஸ்காட்டின் எண்ணமே. அந்தப் பார்வை மாண்ட்கோமரியைக் கூர்மையாகப் பார்க்க உதவியது, பால்கனியைப் பார்க்கவிடாமலும் செய்தது.

நுவார் எனப்படும், இருள் படிந்த இத்தகைய குற்றக் கதைப் படங்களின் அரசியலை அளக்க முயல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் போகிறார்கள். எடுத்தவர்களின் கட்சி அட்டையைப் பார்ப்பது ஒரு வழி, திரையில் எத்தனை வகை மனிதர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணுவது இன்னொன்று. 'கிராஸ்ஃபயர்' இரண்டுக்கும் பிடிகொடுப்பதில்லை. ஸ்காட்டும் டிமிட்ரிக்கும் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர்கள்; படத்தின் வாதமோ எந்த நல்ல பாதிரியாரும் ஞாயிற்றுக்கிழமை சொல்லக்கூடியது. தலைகளை எண்ணினால் படம் அடிவாங்கும். அதற்காக அதைத் தள்ளிவிட்டால் ஜின்னியின் வீட்டை இழந்துவிடுவோம். ஜின்னியாக வரும் குளோரியா கிரகாம் நடன விடுதியில் காசுக்கு ஆடும் பெண். இரக்கப்பட்டு மிட்செலுக்குத் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்தனுப்புகிறாள். போதையில் அவன் அங்கே காத்திருக்கும்போது ஒரு மனிதர் உள்ளே வருகிறார். பால் கெல்லி நடித்த அந்தப் பாத்திரத்துக்குப் பெயரே கிடையாது. நான் அவள் கணவன் என்கிறார். கொஞ்ச நேரத்தில் அது பொய் என்கிறார். அவளை மணக்க விரும்புகிறவன் என்கிறார். அதுவும் பொய் என்கிறார். நடுவில் காப்பி போடுகிறார். அந்த இடுங்கிய சமையலறையின் வெளிச்சமும், சொன்னதையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டே இருக்கும் அந்தக் குரலும், எங்கே உட்காருவது என்று தெரியாத அந்த உடம்பும் கதைக்குத் தேவையே இல்லாதவை. மிட்செல் கொலை நேரத்தில் எங்கே இருந்தான் என்று நிரூபிக்க ஒரு சாட்சி வேண்டும், அவ்வளவுதான் கதையின் தேவை. ஆனால் படம் அங்கே தங்கிவிடுகிறது. ஒவ்வொருவரையும் யூதர், ஐரிஷ், டென்னசிக்காரன் என்று பெயரிட்டு விளக்கிக்கொண்டே போகும் ஒரு படத்தின் நடுவில், எந்தப் பெயரும் தன்மேல் ஒட்டாத ஒருவர் வந்து காப்பி கலக்குகிறார். அவருக்கு என்ன வலிக்கிறது என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை. தன்னைப் பற்றி உண்மை சொல்ல வழியில்லாதவர்களின் அவஸ்தையை, தயாரிப்பு விதிகள் ஆண்ட அந்தக் காலத்தில், இதைவிட நேராகக் காட்டிய இடம் எனக்குத் தெரிந்து குறைவு. இதைத் திட்டமிட்டுச் செய்தார்களா என்று நான் கேட்கப்போவதில்லை. நிழலையும் இடுங்கிய அறையையும் வைத்து வேகமாக, குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படங்களுக்குள் இப்படிப்பட்டவை தாமாக வந்து தங்கும். நுவார் மேல் எனக்கு உள்ள பற்றுக்கு அதுவும் ஒரு காரணம்.

பொறி வைத்த இடத்துக்கு மாண்ட்கோமரி வருகிறான், இதற்கிடையே தான் செய்திருந்த இரண்டாவது கொலை நடந்த இடத்தின் முகவரியைத் தன்னை அறியாமல் காட்டிக்கொடுக்கிறான், ஓடுகிறான். ஃபின்லே ஜன்னலிலிருந்து கூப்பிட்டு எச்சரித்துவிட்டுச் சுடுகிறார். ஒரே குண்டு. ஓடிக்கொண்டிருப்பவனின் முதுகு. விசாரணை இல்லை, ஜூரி இல்லை. வெறுப்பு தெருவில் விழுந்து கிடக்கிறது, எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். வெறுப்பை நல்ல வார்த்தையால் மாற்றலாம் என்று சற்று முன்னால் சொன்ன படம்தான் இது. அரசை இவ்வளவு நம்பிய இந்தப் படத்தை அரசு எப்படி நடத்தியது என்பது வரலாறு. கான் விழாவில் அந்த ஆண்டின் சிறந்த சமூகப் படம் என்ற பரிசு கிடைத்தது. அதே 1947-இல் அக்டோபர் 29 அன்று, அமெரிக்க எதிர்ப்பு நடவடிக்கைகளை விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் முன், படத்தின் கதை நடந்த அதே வாஷிங்டனில், ஸ்காட்டும் டிமிட்ரிக்கும் நிறுத்தப்பட்டார்கள். பதில் சொல்ல மறுத்தார்கள். நவம்பர் முடிவதற்குள் ஆர்.கே.ஓ. இருவரையும் வெளியேற்றியது. அந்த அக்டோபர் 29-ஆம் தேதியில்தான், உட்வர்டுக்கு நடந்ததைக் கேட்டு அதிர்ந்த ட்ரூமன் அமைத்திருந்த குடிமை உரிமைகள் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. தலைநகரில் ஒரு கறுப்பினத்தவர் எங்கெல்லாம் நுழைய முடியாது என்று அதில் எழுதியிருந்தது. ஒரே ஊர், ஒரே நாள். படம் பார்க்கத் தவறியதை அரசின் ஒரு கை எழுதிக்கொண்டிருந்தபோது, படத்தை எடுத்தவர்களின் கழுத்தை இன்னொரு கை பிடித்துக்கொண்டிருந்தது. இருவரும் சிறைக்குப் போனார்கள். 1951-இல் டிமிட்ரிக் மீண்டும் அதே குழுவின் முன் போய்ப் பெயர்களைச் சொன்னார். சொன்ன பெயர்களில் ஸ்காட்டும் ஒருவர். டிமிட்ரிக் தொடர்ந்து பெரிய படங்களை எடுத்தார். ஸ்காட்டின் பெயர் திரையிலிருந்து போய்விட்டது. மனைவியின் பெயரில் தொலைக்காட்சிக்கு எழுதி வாழ்ந்தார். டிமிட்ரிக்கை எப்படி எடைபோடுவது என்று எனக்கு விளங்கவில்லை. படத்தில் ஃபின்லே லீராயிடம் கேட்பதும் ஓர் உதவிதான், உடனிருந்தவனைப் பிடித்துக்கொடுக்கும் உதவி. கொலைகாரனைப் பிடித்துக்கொடுப்பதும் தோழனைப் பிடித்துக்கொடுப்பதும் ஒன்றாகாது, அது தெரியும். என்றாலும் 1951-க்குப் பிறகு அந்த அறைக் காட்சியைப் பழைய மனதோடு பார்க்க முடிவதில்லை.

ராபர்ட் ரையன் நிஜ வாழ்வில் அணு ஆயுதத்துக்கு எதிராகவும் கறுப்பினத்தவர் உரிமைக்காகவும் நின்றவர். திரையில் வெறுப்பின் முகமாகவே மீண்டும் மீண்டும் வந்தார். 1955-இல் வந்த 'பேட் டே அட் பிளாக் ராக்'கில் அவர் பாத்திரம் கொன்றது ஒரு ஜப்பானிய அமெரிக்க விவசாயியை. அந்த விவசாயி படத்தில் ஒரு கணம்கூடத் தோன்றுவதில்லை. கொல்லப்பட்டவரின் இடம் அங்கே முழு வெற்றிடமாகிவிட்டது. 1959-இல் ஹாரி பெலஃபான்டே தன் சொந்த நிறுவனத்தில் தயாரித்த 'ஆட்ஸ் அகெய்ன்ஸ்ட் டுமாரோ'வில்தான் ரையனின் வெறுப்புக்கு எதிரே ஒரு முழு மனிதர் வந்து நிற்கிறார். எழுதியவர் கறுப்புப் பட்டியலில் இருந்த ஏப்ரகாம் பொலான்ஸ்கி, கறுப்பின நாவலாசிரியர் ஒருவரின் பெயரில் மறைந்துகொண்டு. பெலஃபான்டேயின் இங்ராம் சான்றிதழ் எதையும் காட்டுவதில்லை. சூதாடிக் கடன்பட்டவர், பிரிந்துபோன மனைவியிடம் சிடுசிடுப்பவர், கொள்ளைக்கு ஒப்புக்கொள்பவர். அவருக்கு ஒரு பாட்டு இருக்கிறது, கோபம் இருக்கிறது, மகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகும் ஒரு பகல் இருக்கிறது. சாமுவல்ஸுக்குக் கிடைக்காத பகல் அது. பன்னிரண்டு ஆண்டுகளில் நுவார் கடந்த தூரம் என்று நான் இதைத்தான் காட்டுவேன். ஆனாலும் அந்தப் படத்தின் முடிவில் ரையனும் பெலஃபான்டேயும் ஒருவரை ஒருவர் துரத்தி எரிபொருள் தொட்டிகளின் மேல் ஏறிச் சுட்டுக்கொள்ள, எல்லாம் வெடித்து இரண்டு உடல்களும் கரிந்துபோகின்றன. எது யாருடையது என்று அங்கே நிற்பவர்களுக்குத் தெரியவில்லை. வெறுத்தவனும் வெறுக்கப்பட்டவனும் கடைசியில் ஒன்றுதான் என்று படம் சொல்ல விரும்புகிறது. 'கிராஸ்ஃபயரின்' அதே பழைய வாதம், இம்முறை நெருப்பின் வழியாக. பலர் அந்த முடிவைப் புகழ்ந்திருக்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. இங்ராமுக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கு அந்த இரண்டு உடல்களும் ஒன்றல்ல.